பகாங் காட்டில் என் பல்லாவரத்துக் கத்தி

பொழிச்சலூரில் வளர்ந்தவர்களுக்கு விமானத்தின் வயிறு நன்றாகத் தெரியும். சக்கரம் உள்ளே மடங்குவது தெரியும், இறக்கையின் அடியில் எழுதியிருக்கும் எழுத்து தெரியும், எந்த விமானம் போனால் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்பதும் தெரியும். ஆனால் அதன் ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் தெரு எப்படியிருக்கும் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாமல் இருந்தது. முதலில் தெரிந்துகொண்டவள் நான்.

அம்மா மீன் விற்கிறாள். அப்பா கோவளத்துப் பக்கம் கடற்கரையில், கட்டுமரத்தோடு இருக்கிறார். நான் படிக்க வேண்டும் என்பதற்காகவே அம்மா கடலை விட்டு இவ்வளவு உள்ளே வந்து, பொழிச்சலூரில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள். பல்லாவரம் ரயில் நிலையத்துக்கு வெளியே அவளுக்கு ஓர் இடம் உண்டு. என் புத்தகத்தைத் தொடுவதற்கு முன் மூன்று தடவை சோப்பு போட்டுக் கை கழுவுவாள். "நாத்தம் ஒட்டிக்கிட்சுனா டீச்சரு இன்னா நெனைப்பாங்க?" என்பாள். எங்கள் இரு பக்கச் சொந்தத்திலும் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பிறகு தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல். பிறகு ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை.

வேலை என்றால், மற்றவர்கள் காட்டிலிருந்து கொண்டுவரும் இலைகளை உலர்த்தி அட்டையில் ஒட்டுவது. காட்டுக்குப் போகும் குழுவில் எல்லோரும் ஆண்கள். நானும் போகிறேன் என்று கேட்டபோது எங்கள் டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன்னக் காட்டுக்கு அனுப்பிட்டு நான் நிம்மதியா தூங்க முடியாதும்மா. மலேசியாவுல ஒரு டிரெய்னிங் இருக்கு. கடைசியில டெஸ்ட் வைப்பாங்க. பாஸ் பண்ணி சர்டிபிகேட்டோட வா, டீம்ல போடறேன். இல்லன்னா ஒட்டுற வேலைதான். அப்புறம் என்கிட்ட வந்து கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன் சார்" என்றேன்.

கொண்டுவர வேண்டிய பொருள்களில் கணுக்கால் மறைக்கும் காலணி, மழைக்கோட்டு, மடக்க முடியாத கத்தி ஒன்று என்று எழுதியிருந்தார்கள். முதல் இரண்டும் கிடைத்துவிட்டன. கத்திக்கு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். வெள்ளியன்று பாதிப் பேர் மீன் வாங்க மாட்டார்கள் என்பதால் அம்மாவுக்கும் அன்று ஓய்வு. கூடவே வந்தாள்.

பழைய பட்டாளத்துச் சாமான், கப்பலில் வந்த சாமான் எல்லாவற்றையும் தார்ப்பாயில் பரப்பி வைத்திருப்பவர் காதர் பாய். அம்மாவிடம் மீன் வாங்குகிறவர். பூட்ஸ் குவியலுக்கு அடியிலிருந்து அந்தக் கத்தியை உருவி எடுத்தார். கறுப்பு அலகு, ஒரு சாணுக்கும் மேல் நீளம். முதுகில் ரம்பப் பல். பிடி உருளையாக, உள்ளே குழாய் போல வெற்றிடம். பிடியின் மூடியில் திசைகாட்டி. மூடியைத் திருகினால் உள்ளே தீக்குச்சி, தூண்டில் முள், ஊசி, நூல்.

"அமேரிக்கா சாமான்க்கா. சண்டைக்குப் போனது."

நான் அலகை வாங்கிப் படித்தேன். "ஜப்பான்னு போட்டிருக்கே பாய்."

"ஜப்பான்காரன் அமேரிக்காவுக்கு செஞ்சு குடுத்ததும்மா. படிச்ச புள்ள, இதுகூடத் தெரியாதா?"

அம்மா அலகின் கூர்மையை நகத்தில் வைத்துப் பார்த்தாள். கூர் பிடித்திருந்தது. பிடியைப் பார்த்தாள், முகம் சுளித்தாள்.

"பாய், இத்த எங்க நிக்க வெச்சு ஒக்கார்றது?"

"நிக்க வெக்கிறதில்லக்கா. கையில புடிச்சு வெட்டணும்."

"ஒரு கை கத்திக்கே பூட்சுனா, மீனை எத்தால புடிக்கிறது? வாயாலயா?"

பாய் சிரித்தார். "உங்க பொண்ணு மீன் வெட்டவா பிளேன் ஏறுது?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் அம்மாவின் தலை மட்டும் சற்று நிமிர்ந்தது. பேரம் வெகுநேரம் நடந்தது. கடைசியில் பாய் கேட்ட விலையில் பாதியும், அடுத்த வாரம் ஒரு முழு வஞ்சிரமும் என்று முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடியைத் திறந்து உள்ளேயிருந்த நூலை இழுத்துப் பார்த்தாள். அறுந்தது. "நெத்திலிக்கே தாங்காது இது" என்று எறிந்துவிட்டு, அப்பா தூண்டிலுக்கு வைத்திருந்த தங்கூஸ் நரம்பைச் சுருட்டி உள்ளே திணித்தாள். அப்படியாக எங்கள் குடும்பம் மொத்தமும் அந்தக் கத்திக்குள் வந்துவிட்டது.

புறப்படும் நாளன்று அம்மா விமான நிலையத்துக்கு வரவில்லை. "நா வூட்ல கீறேன். ஓட்டு மேல செவப்புப் பொடவ காயப் போட்டு வெக்கிறேன். மேல போவ சொல்லோ பாரு" என்றாள். விமானம் எழும்பியதும் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டேன். கூரைகள், கிணறுகள், தண்ணீர் வற்றிய அடையாற்றின் மணல். ஒரு சிவப்பு தெரிந்தது. அது எங்கள் வீடுதானா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அது எங்கள் வீடுதான்.

கோலாலம்பூரில் எனக்காக ஒரு வேனும் அதை ஓட்ட மணியமும் காத்திருந்தார்கள். மணியம் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை. ஐம்பது வயதிருக்கும்.

"என்னா தங்கச்சி, மெட்ராஸா? எங்க தாத்தா செங்கல்பட்டுலா. பாத்திருக்கியா?"

"தினமும் ரயில் போகுமே அண்ணா. எங்க தாம்பரத்துக்கு அடுத்துதான்."

"அப்ப நீ சொந்தக்காரிலா" என்று அந்த ஊர்ப் பழக்கத்தில் ஒரு 'லா'வும் சேர்த்துச் சொல்லி, பசியாற ஒரு கடையில் நிறுத்தினார். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, காரத் துவையல், பாதி முட்டை, வேர்க்கடலை. அவற்றின் மேல் மொறுமொறுவென்று வறுத்த நெத்திலிக் கருவாடு! காலைப் பலகாரத்தில் நெத்திலி. எங்கள் பக்கத்தில் கருவாட்டு வாடை வந்தாலே ஜன்னலைச் சாத்துகிற வீடுகள் உண்டு. இங்கே கழுத்துப்பட்டி கட்டிய அலுவலர்கள் அதை வரிசையில் நின்று வாங்கினார்கள். எனக்கு அந்த நாட்டை அங்கேயே பிடித்துப்போயிற்று.

அடுத்த நாள் காட்டுப் பாதையில் வேன் சிவப்புச் சேற்றில் இறங்கிவிட்டது. உள்ளே பல நாடுகளிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்கள். எல்லோரும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தாம்பரம் வழியாகப் போகும் பஸ் நின்றுபோனால் முதலில் எல்லோரும் இறங்குவார்கள், பிறகு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், யாராவது சட்டையைக் கழற்றுவார், பஸ் நகர்ந்துவிடும். அந்தப் பழக்கத்தில் நான் இறங்கிவிட்டேன். பையிலிருந்து கத்தியை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் போடக் கிளைகளை வெட்டினேன்.

அதுதான் என் கத்தியின் முதல் வேலை. கட்டைவிரல் தடிமன் கிளைகளை ஒரே வீச்சில் எடுத்தது. முதுகிலிருந்த ரம்பப் பல்லால் அறுத்துப் பார்த்தேன். அது மரத்தை அறுக்கவில்லை, கீறியது. பல் அழகுக்கு. ஆனால் எடையெல்லாம் அலகின் முனைப் பக்கம் இருந்ததால் வீச்சுக்குப் பலம் இருந்தது. மணியம் முதல் கியரில் உறும, பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி, லிஸா, தானும் இறங்கி வந்து என் பக்கத்தில் தோள் கொடுத்தாள். வேன் மேலே ஏறியது. இருவரும் தலையிலிருந்து கால் வரை சிவப்பு. கத்தியைத் துடைத்தபோதுதான் கவனித்தேன்: பிடியை அசைத்தால் உள்ளே எங்கோ மெல்ல 'டிக்' என்றது.

முகாமை நடத்தியவர் ஹசான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லி, சிரிக்காத முகம், அவருடைய மலாயும் ஆங்கிலமும் ஒரே வேகம். முதல் நாள் எல்லோருடைய கத்தியையும் ஒரு பலகையில் வைக்கச் சொன்னார். லிஸா கொண்டுவந்தது அவள் ஊர் வெட்டுக்கத்தி, நீளமாக, கண்ணியமாக. என் கத்தியை எடுத்து மூடியைத் திறந்து பார்த்து, திசைகாட்டியைத் தன் மணிக்கட்டில் கட்டியிருந்த திசைகாட்டியோடு ஒப்பிட்டார். என்னுடையது அவர் திரும்பிய பக்கமெல்லாம் வடக்கு என்றது.

"இது சினிமாக் கத்தி" என்றார். "முகாமில் உபரிக் கத்தி இருக்கிறது. எடுத்துக்கொள்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த உபரிக் கத்தி நல்ல கத்தி, எனக்கே தெரிந்தது. ஆனால் ஒரு முழு வஞ்சிரம் கொடுத்து வாங்கியதை அந்தப் பலகையிலேயே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

"நன்றி. எனக்கு இதுவே போதும்."

"சரி. கடைசிச் சோதனைக்கும் இதுதான். நடுவில் மாற்ற முடியாது. மாற்றினால் தேர்ச்சி கிடையாது."

பிறகு தன் சட்டத்தைச் சொன்னார். அலகு எப்போதும் உடம்பை விட்டு விலகிப் போக வேண்டும். வேலை முடிந்தால் உறைக்குள். "வெறும் அலகை நிற்க வைத்துவிட்டு எழுந்தவர், வேறு எதைச் செய்திருந்தாலும் தோல்வி." அவர் அதைச் சும்மா சொல்லவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஒருவர் கத்தியை மரக்கட்டையில் குத்தி நிறுத்திவிட்டுத் தேநீர் எடுக்கப் போனார். திரும்பி வந்தபோது அவர் பெயர் சோதனையில் இல்லை.

பகாங் காட்டைப் பற்றி நிறையச் சொல்லலாம். நம் ஊர் மழை வந்தால் வந்ததாகச் சொல்லிக்கொண்டு வரும். காற்று வரும், இடி வரும், முடிச்சூர் பக்கம் தண்ணீர் வந்துவிட்டதாம் என்று செய்தி வரும். அந்தக் காட்டில் மழைக்கு அறிவிப்பே இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முதுகு நனையும். அட்டைகள் காலுறைக்குள் குடும்பத்தோடு குடியேறும். மாலையில் எல்லோரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்து எடுத்துவிடுவோம். லிஸா என் காலில் எடுத்த அட்டைக்கெல்லாம் பெயர் வைத்தாள். ஒன்றுக்கு ஹசான் என்று பெயர்.

கத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வைத்திருப்பவள் சொல்வதால் நம்பலாம். நாள் முழுக்க ஈரத்தில் கிடந்தும் அந்தக் கறுப்பு அலகில் ஒரு துரு இல்லை. உறையின் பையில் சின்னச் சாணைக்கல் ஒன்று இருந்தது, அதில் நாலு இழுப்பு இழுத்தால் மூங்கில் தோல் காகிதம் போலச் சீவிக்கொண்டு வரும். உறை நனைந்தால் பல்லாவரம் தோல் பதனிடும் தெரு மாதிரி நாறியது. எனக்கு அது வீட்டு வாசனை, கூடாரத்தில் மற்றவர்களுக்கு அல்ல. ஈரக் கையில் பிடி வழுக்கியது, ரப்பர் வளையம் மாட்டிக்கொண்டேன். 'டிக்' சத்தம் மட்டும் நாளுக்கு நாள் வளர்ந்தது. குழாய்ப் பிடிக்குள் அலகின் வால் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க வழியில்லை. வாங்கும்போது நானும் கேட்கவில்லை, பாயும் சொல்லவில்லை.

சோதனை நாள் வந்தது. ஆற்றங்கரையில் ஆளுக்கொரு இடம், ஒருவர் இடம் இன்னொருவருக்குத் தெரியாத தூரத்தில். ஒரு முழு மீன், சில தீக்குச்சி, நம் கத்தி. இருட்டுவதற்குள் ஓலையில் ஒரு கூரை, நெருப்பு, வெந்த மீன் மூன்றும் வேண்டும். ஒரு விசில் கொடுத்தார்கள். ஊதினால் ஆள் வரும், சோதனை முடிந்தது என்று அர்த்தம்.

கூரைக்கு வேண்டிய ஓலையில் பாதியை வெட்டி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஈர விறகுக்கு உள்ளே உலர்ந்த நடுப்பகுதி இருக்கும், பிளந்து எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கீழே விழுந்து கிடந்த கட்டை ஒன்றை நிமிர்த்தி, அதன் தலையில் அலகை வைத்து, தடியால் முதுகில் அடித்தேன். பாதி வரை இறங்கியது. இன்னும் ஓர் அடி. வலது கை சட்டென்று லேசாகிவிட்டது. பிடி என் கையில், அலகு கட்டைக்குள்.

பிடிக்குள் எட்டிப் பார்த்தேன். அலகின் வால் என்று இருந்தது கட்டைவிரல் நகத்தளவு ஒரு துண்டு. அதை ஓர் ஆணியில் முடுக்கியிருந்தார்கள். அவ்வளவுதான் அமெரிக்கா, அவ்வளவுதான் ஜப்பான்.

மழையில் உட்கார்ந்தேன். விசில் கழுத்தில் தொங்கியது. அதை ஊதினால் முகாமில் சூடாகத் தேநீர் கிடைக்கும். பிறகு விமானம், பிறகு அந்த அறை, உலர்ந்த இலை, பசை, அட்டை. டைரக்டர் ஒன்றும் சொல்ல மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதுதான் தாங்காது. அம்மா பல்லாவரம் ஸ்டேஷன் முழுக்கச் சொல்லி வைத்திருப்பாள், பொண்ணு காட்டு ஆபீசர் ஆகப் போகிறாள் என்று.

கட்டையில் செருகியிருந்த அலகைப் பார்த்தேன். பிடியில்லாத கத்தியை எப்படிப் பிடிப்பது? துணி சுற்றலாம், கை அறுபடும். குச்சி கட்டலாம், வழுக்கும். ஒரு கை கத்திக்கே போய்விட்டால் மீனை எதால் பிடிப்பது என்று அம்மா பாயிடம் கேட்டது காதில் விழுந்தது. நான் ஏன் அதைப் பிடிக்க வேண்டும்?

எங்கள் வீட்டில் கத்தியே கிடையாது. வெங்காயம் முதல் சுறா வரை எல்லாம் அரிவாள்மணையில்தான். அங்கே அலகு நிற்கும், நாம் உட்காருவோம், நகருவது மீன்.

மூங்கில் ஆப்பு ஒன்றை உடைத்துக் கட்டையின் வெடிப்பில் அடித்தேன். வெடிப்பு வாய் திறந்தது, அலகு கையோடு வந்தது. கட்டையைப் படுக்கப் போட்டு, அலகைத் திருப்பி, அடிப்பக்கத்தை வெடிப்புக்குள் இறக்கி, முனை மேலே, கூர் என்னைப் பார்க்க நிறுத்தினேன். ஆப்பை உருவியதும் கட்டை அலகைக் கவ்விக்கொண்டது. உடைந்த பிடியின் மூடியைத் திறந்து அப்பாவின் தங்கூஸ் நரம்பை எடுத்து, கட்டையைச் சுற்றி இறுக்கினேன். வலைக்குப் போடும் முடிச்சு. அது எனக்கு எழுத்து தெரிவதற்கு முன்பே தெரியும். அசைத்துப் பார்த்தேன். 'டிக்' இல்லை.

ஒரு காலைக் கட்டையில் மிதித்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு எனக்கு அவசரமே இல்லை. புதரில் நின்றபடி காய்ந்திருந்த மூங்கிலை ஒடித்து, இரண்டு கையாலும் பிடித்து அலகில் தள்ளித் தள்ளிச் சீவினேன். உள்பக்கத்துச் சீவல் பஞ்சு மாதிரிச் சுருண்டு விழுந்தது. நனையாமல் மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். ஓலையைக் கிழித்தேன், கூரை முடிந்தது. கூரைக்கு அடியில் இரண்டாவது குச்சியில் நெருப்புப் பிடித்தது. மீனை எடுத்தேன். கெண்டைச் சாதி, செதில் பெரிது. வாலிலிருந்து தலைக்கு, அலகின் மேல் ஒரு தள்ளல், திருப்பி இன்னொரு தள்ளல். செவுள், குடல், துடுப்பு. அம்மாவின் வேகம் எனக்கு வராது. ஆனால் அந்தக் காட்டில் ஒப்பிட அம்மா இல்லை.

மழை நின்று, மீன் வாழையிலையில் வெந்துகொண்டிருந்தபோது புதர் விலகியது. ஹசான் வந்தார், பின்னால் லிஸா. அவள் சோதனையில் தேறிவிட்டாள் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. பெரியவர் வருகிறார் என்று நான் எழுந்தேன்.

ஹசான் நெருப்பைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

"இப்போது என்ன செய்தாய்?"

எனக்குப் புரியவில்லை. "எழுந்தேன்."

"எழுந்தபோது. காலால்."

குனிந்து பார்த்தேன். கட்டை பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அலகு தரையோடு படுத்து, கூர் மரத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எழும்போதே கால் அதைச் சாய்த்திருக்கிறது. அரிவாள்மணையை நிறுத்தியபடி விட்டு எழுந்திருப்பவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அம்மா கத்திய கத்தல் அது: "சாய்ச்சு வெச்சுட்டு எழுந்திரு! எவனாச்சும் மிதிச்சுடப் போறான்!" மூளைக்குச் சொல்லாமலே கால் செய்கிற வேலை.

விளக்கினேன். என் அம்மா மீன் விற்பதையும் சொன்னேன். ஆங்கிலத்தில் அதைச் சொல்வது அன்றுதான் முதல் தடவை. கல்லூரியில் கேட்டவர்களிடம் 'வியாபாரம்' என்றுதான் சொல்லியிருக்கிறேன். இப்போது மீன் என்றே சொன்னேன், நிமிர்ந்து நின்று.

ஹசான் கட்டையை நிமிர்த்தி, குந்தி உட்கார்ந்து, காலால் மிதித்து, ஒரு மூங்கில் குச்சியை அலகில் தள்ளிப் பார்த்தார். இன்னொன்று. நரம்பு முடிச்சை விரலால் தட்டினார்.

"என் அம்மாவின் தேங்காய் துருவும் பலகை இப்படித்தான்" என்றார். "அவள் அதன் மேல் ஏறி உட்காருவாள், குதிரை மாதிரி. எழுந்தால் திருப்பிக் கவிழ்த்து வைப்பாள்."

அப்போதுதான் அவர் பற்களை முதன்முதலாகப் பார்த்தேன். எழுந்தார். எழும்போது கட்டையைத் தன் காலால் சாய்த்து வைத்தார்.

"ஹசான், கத்தியைப் பிடிக்கும் முறைக்கு இவளுக்கு எவ்வளவு மதிப்பெண்?" என்று லிஸா வேண்டுமென்றே கேட்டாள்.

"பிடியே இல்லாத கத்திக்கு எப்படிப் போடுவது? அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன். மற்றதெல்லாம் தேர்ச்சி." பிறகு மீனில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, "உப்பு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும் விமானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு டூ-இன்-ஒன் ரேடியோ, ஒரு மிக்ஸி, தைலப் பாட்டில்கள் என்று கொண்டுவந்திருந்தார். மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி அவரை விட்டுவிட்டு என் பெட்டியைத் திறந்தார். துணியை விலக்கி, கட்டையும் அலகுமாக அதை வெளியே எடுத்தார்.

"என்னம்மா இது?"

"அரிவாள்மணை சார்."

"மலேசியாவுலேருந்தா?"

"அங்கதான் சார் செஞ்சேன்."

பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். "யோவ், இங்க வா. ஃபாரின்லேருந்து அருவாமனை வந்திருக்கு." அவரும் வந்து பார்த்தார். "எங்க ஊட்டுக்காரம்மாவுக்கும் ஒண்ணு சொல்லி வைம்மா" என்றார். பெட்டியை அவர்களே மூடிக் கொடுத்தார்கள்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். சான்றிதழைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு, ஓரத்தில் மட்டும் பிடித்து, வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தாள்.

"இதுல உம் பேரு எங்க கீது?"

காட்டினேன். பெயர் மேல் விரலை வைக்காமல், காகிதத்துக்குச் சற்று மேலே விரலை ஓட்டினாள். பிறகு கட்டையை எடுத்துக் கீழே வைத்து உட்கார்ந்து பார்த்தாள்.

"ஒசரம் கம்மி. கட்டை மட்டமான கட்டை." நரம்பு முடிச்சைத் தொட்டாள். "முடிச்சு மட்டும் உங்க நைனா முடிச்சு." அலகை ஒரு தட்டு தட்டி, "நா அப்பவே சொன்னேன், நிக்க வெக்காத கத்தி இன்னா கத்தி?" என்றாள்.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றவில்லை. சான்றிதழைப் படித்து முடித்துவிட்டு, குழுவுக்கு ஒரு கூடாரம் அதிகம் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

காட்டுக்கு வேறு கத்தி வேண்டியிருந்தது. காதர் பாயிடமே போனோம். இம்முறை திசைகாட்டி இல்லை, ரம்பப் பல் இல்லை. பிடியில் இரண்டு மரத் துண்டுக்கு நடுவே இரும்பு கடைசி வரை ஓடுவது வெளியிலேயே தெரிந்தது. அம்மா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பேரத்தைத் தொடங்கினாள்.

"போன தபா குடுத்தியே பாய், அதுக்கு வால் எங்க கீதுனு தேடிகினு கீறா எம் பொண்ணு!"

"அது சும்மாவாக்கா? ஃபாரின் போயிட்டு வந்த கத்திக்கா!"

நான் முதன்முதலாகக் காட்டுக்குப் புறப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதுகில் பெரிய பை, காலில் பூட்ஸ், இடுப்பில் புதுக் கத்தி. ரயிலுக்கு முன் அம்மாவிடம் சொல்லிக்கொள்ள நின்றேன். ஞாயிறு என்பதால் கூட்டம். தச்சரிடம் கொடுத்துப் புளியம் பலகையில் ஏற்றிய அந்தக் கறுப்பு அலகில் அம்மா சங்கரா வெட்டிக்கொண்டிருந்தாள். முதுகில் ரம்பப் பல் அப்படியே இருந்தது. வாங்க வந்த ஒரு அம்மாள் கேட்டாள்.

"இன்னாக்கா, அருவாமனைக்குப் பல்லு கீது?"

"மலேசியா. எம் பொண்ணு காட்டுல செஞ்சு கொண்டாந்தது." தலை நிமிராமல் சொன்னாள். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தாள்.

எழுந்தாள். எழும்போதே கால் பலகையைச் சாய்த்துவிட்டது. என் பையின் வார் ஒரு பக்கம் தொய்ந்திருந்ததைப் பார்த்துச் சரிசெய்யக் கையை நீட்டியவள், பாதியில் நிறுத்தி, கழுவத் தண்ணீர்ச் சட்டியைத் தேடினாள்.

நான் திரும்பி நின்று பையை அவள் கைக்குக் கொடுத்தேன். "அப்படியே இழும்மா. ரயில் வந்துடும்."

இழுத்து முடிச்சிட்டாள். கழுவாத கையால்தான். வண்டலூர் தாண்டும்போது வாரில் இரண்டு செதில் ஒட்டியிருந்ததைக் கவனித்தேன். வெயிலில் மின்னின. தட்டிவிடாமல் வைத்துக்கொண்டேன். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி, செங்கல்பட்டு ஏரி தாண்டி, காடு வரைக்கும் அவை கூடவே வந்தன.